ஆளுக்கு, கிலோமீட்டருக்கு

பழைய பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமுகிறது.
இரவு ஒன்பது நாற்பது. கடைசி நடை.
அகழிக் கொசுக்கள் டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொள்கின்றன.
மடியில் அட்டை, அட்டையில் கட்டங்கள்:
ஏறியவர், இறங்கியவர், தூரம், டீசல்.
கூலிக்கு எண்ணுகிறேன், நடைக்கு நூற்றைம்பது ரூபாய்.

"மைலேஜ் பாக்க வந்துகினியாம்மா?"
டிரைவர் துரைக்கண்ணுவுக்குச் சந்தேகம்.
டெப்போப் பலகையில் அவர் பேருக்கு எதிரே
ஐந்து புள்ளி பூஜ்யம்;
ஐந்தரை தொட்டவனுக்குத்தான் அங்கே கைத்தட்டல்.
இல்லை, புகைக்கு என்கிறேன்.
"நம்ம வண்டிப் புகை ஊதுபத்தி மாதிரி,"
படியில் நின்று சிரிக்கிறார் கண்டக்டர் இஷாக்.

கறுப்பாக வருவதை நான் எண்ணவில்லை.
நான் எண்ணுவதற்கு நிறமில்லை, வாடையில்லை,
அதற்காக யாரும் முந்தானையால் மூக்கைப் பொத்துவதில்லை.
ஒரு லிட்டர் டீசல் எரிந்தால்
இரண்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இஷாக் சில்லறை குலுக்குவதை நிறுத்துகிறார்.
"ஒரு லிட்டரு ஒரு கிலோகூடத் தேறாதே.
ஊத்துனத விட வர்றது எப்படிம்மா ஜாஸ்தி?
மீதிய யாரு போட்டது?"

வழியில் இருந்த காற்று போட்டது.
எரிவது எதுவும் தனியாக எரிவதில்லை.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்,
கடன் கொடுத்தவனைத் தேடுவது போல.

தொரப்பாடி, அரியூர், ஊசூர்.
இறங்கியவர் கட்டம் மட்டும் நிரம்புகிறது.
அணைக்கட்டு தாண்டியதும் மூன்று பேர்:
ஆஸ்பத்திரிச் சலவையில் போர்வை மடிக்கும் தெய்வநாயகி,
காசில்லாச் சீட்டை விரலில் மோதிரமாய்ச் சுருட்டியவள்;
டயாலிசிஸ் முடிந்து வரும் ஒருவர்;
அவர் தலை நழுவாதபடி தோளை உயர்த்தியே வைத்திருக்கும் மனைவி.
நான்காவது நான்.

மலையடிவாரம் வரை இருபது கிலோமீட்டர், நான்கு லிட்டர்.
மூன்றால் வகுத்தால் ஆளுக்கு, கிலோமீட்டருக்கு
நூற்றெழுபத்தொன்பது கிராம்.
நான்கால் வகுத்தால் நூற்று முப்பத்துநான்கு.
சும்மா உட்கார்ந்தே
தலைக்கு நாற்பத்தைந்து கிராம் குறைத்துவிட்டேன்.
நான் இறங்கி நடந்தால் இவர்கள் பாவம் கூடும்.
இத்தனை மலிவாகப் புண்ணியம்
எந்தக் கோயிலிலும் கிடைத்ததில்லை எனக்கு.

கடைசிக் கட்டம் கேட்கிறது:
இந்த நடையை நிறுத்தலாமா? ஆம். இல்லை.
பென்சில் ஆமுக்கு மேலே நிற்கிறது.
வண்டி பள்ளத்தில் குதிக்க
தானாக ஒரு புள்ளி விழுகிறது, இரண்டுக்கும் வெளியே.

இரவு வண்டி திரும்பாது.
புளியமரத்தடியில் படுத்துக்கொள்ளும்,
டிரைவரும் கண்டக்டரும் அதன் வயிற்றுக்குள்.
தெய்வநாயகி வீட்டில் எனக்கொரு பாய்.

நாலே முக்காலுக்கு
வரப்பு வழியாக டார்ச்சுகள் இறங்கி வருகின்றன.
கழுத்தில் ஷூ கம்பெனி அட்டைகள், சாமந்தி மூட்டை,
தூக்குச்சட்டிகள், நர்சிங் முதலாண்டு ஒருத்தி,
நேற்றைய போர்வை வாசனையோடு தெய்வநாயகி.
எண்ணி முடிக்கையில் என்னோடு அறுபத்திரண்டு.
ஆளுக்கு ஒன்பது கிராம்கூட இல்லை.
அறிக்கையில் இந்த வரியைத்தான் பச்சையில் அச்சடிப்பார்கள்.
இரவு வரிக்குச் சிவப்பு.

ராத்திரி காலியாக வராத வண்டி
விடியலில் இங்கே எப்படி நிற்கும்?

இரண்டு வரிக்கும் நடுவே கோடு வேண்டாம் என்று அழிக்கிறேன்.
ரப்பர் இல்லை, எச்சில் தொட்ட விரல்தான்.
தாள் கொஞ்சம் கிழிகிறது.
சேர்த்து வகுத்தால் பதினாறு.
படிவத்தைக் கெடுத்தது யார் என்று கேட்பார்கள்.
ஒடுகத்தூரில் இன்னும் ஏறுவார்கள்,
அதை அங்கே போய்ப் பார்க்கலாம்.

சாவி திருகியாயிற்று. வண்டி நகரவில்லை.
"ப்ரேக்குக்குக் காத்து ஏறணும்மா,
நாலு நிமிசம்" என்கிறார் துரைக்கண்ணு.

நாலு நிமிடம் எரிகிறது. போன தூரம் பூஜ்யம்.
எதை எதால் வகுப்பது?
அறுபத்தொரு பேரும் பேசாமல் இருக்கிறார்கள்
முள் மேலேறுவதைப் பார்த்தபடி.